சம்பந்தியின் முதுகு

மார்ட்டினுக்குச் சம்பந்தியின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும். அந்த முதுகில் வேர்வை முதலில் எங்கே கிளம்பும், எந்த மேட்டில் சட்டை ஒட்டிக்கொள்ளும், மூச்சு வாங்கினால் எந்தத் தோள் முதலில் தொங்கும், எல்லாம் அத்துப்படி. பெண்ணைக் கட்டிக்கொடுத்து நான்கு வருடமாகிறது. நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல், பூசைக்கு முன்னால், அவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஓடுகிறார்.

கள்ளக்குறிச்சியில் 'காலைக் கால்கள்' என்று ஒரு குழு உண்டு. சர்க்கரை, கொழுப்பு, ஓய்வூதியம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் சேரலாம். விடிவதற்குள் கூடி தியாகதுருகம் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓடுவார்கள். பிறகு நான்குமுனை சந்திப்புக்கு வந்து, டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஓடியதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். ஓடாமல்கூட இருந்துவிடலாம், பேசாமல் இருக்க முடியாது. நீண்ட விடுமுறை வந்தால் எல்லோரும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போவார்கள், போன ஊரில் ஓடுவார்கள், திரும்பி வந்து கதை சொல்வார்கள். கரும்பு விவசாயி ராஜாங்கம் பாண்டிச்சேரிக் கடற்கரையில் ஓடிய கதையில் கடல் ஓர் ஓரமாகத்தான் வரும், மிச்சமெல்லாம் அவருடைய முட்டிவலி. ஓய்வு பெற்ற நர்ஸ் அம்சவள்ளி பெங்களூரில் மகளின் அடுக்குமாடிக் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி ஓடி, யாரோ துரத்துகிறார்கள் என்று காவலாளி பயந்து கதவைப் பூட்டிய கதையை ஆளுக்கு ஆள் கேட்டு வாங்கினார்கள்.

கதையில் ராஜா என்றால் அது பிலவேந்திரன்தான். மார்ட்டினின் மாப்பிள்ளை ஜெரினுக்கு அப்பா. ஆறடி உயரம், அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து சம்பாதித்த தொண்டை. ஒருமுறை உளுந்தூர்பேட்டையில் நாய் துரத்தியதாக வந்து சொன்னார். முதல் டீயில் ஒரு நாய், இரண்டாவது டீயில் மூன்று. மதியம் வீட்டில் சொல்லும்போது ஊரில் இருக்கிற நாய் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. பொய் என்று யாரும் சண்டைக்குப் போகவில்லை. அவர் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

மார்ட்டின் அதற்கு நேர்மாறு. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஏறியே ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி, தொடை மட்டும் உருட்டுக்கட்டை. பேச்சு கம்மி. லீவு எப்படிப் போனது என்று கேட்டால், "சம்பந்தி பின்னாலயே ஓடுனேன்" என்பார். அதற்குமேல் அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

உண்மையில் அவர் சம்பந்தியைவிட நன்றாக ஓடக்கூடியவர். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவி செலினாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது செலினாவின் உத்தரவு. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு, உலகம் தெரியாத மார்ட்டின் பாட்டுக்குச் சம்பந்தியைத் தாண்டிப் போய்விட்டார். அன்று சாயந்தரம் மகள் மெர்லின் போன் செய்தபோது, மாமா மத்தியானம் சாப்பிடவே இல்லை, படுத்துவிட்டார் என்றாள். செலினாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெண்ணைக் கொடுத்தவன் பிள்ளையைப் பெற்றவனைத் தாண்டி ஓடினால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்குமா என்று இரவெல்லாம் தாளித்துக் கொட்டினாள். அடுத்த ஞாயிறு முதல் மார்ட்டின் பின்னால் போய்விட்டார்.

பின்னால் ஓடுவது லேசான வேலை என்று நினைக்கக் கூடாது. சம்பந்தி இழுத்தால் இழுத்துக்கொண்டு, நின்றால் நின்றுகொண்டு ஓடவேண்டும். பிலவேந்திரனுக்கு வழியில் இரண்டு முறையாவது ஒதுங்கியாக வேண்டும். அவர் புதருக்குப் பின்னால் போகிற நேரமெல்லாம் மார்ட்டின் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். கள்ளக்குறிச்சியிலேயே அதிகமாக அவிழ்த்துக் கட்டப்பட்ட ஷூ அவருடையதாகத்தான் இருக்கும். வயிற்றெரிச்சல் தாங்காதபோது, வாரத்தின் நடுவில் யாருமில்லாத கச்சிராயபாளையம் ரோட்டில் இருட்டோடு போய்த் தனியாகக் காலை வீசி ஓடிவிட்டு, திருட்டுப் பீடி குடித்தவர் மாதிரி வீடு திரும்புவார்.

இந்தப் பொங்கலுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு. காணும் பொங்கலன்று கல்வராயன் மலையில் ஓட்டப்பந்தயம். மலைப்பாதையில் பாதியில் தொடங்கி வெள்ளிமலையில் முடிகிற பத்து கிலோமீட்டர். அறுபது தாண்டியவர்களில் முதல் மூன்று பேருக்குப் பித்தளைப் பானை. 'காலைக் கால்கள்' மொத்தமும் பெயர் கொடுத்தது. மார்ட்டினுக்குப் பானைமேல் அவ்வளவு ஆசையில்லை. மலைமேல்தான் ஆசை. வேலையில் இருந்த காலத்தில் அந்த மலையில் ஏறாத கம்பம் கிடையாது. வயது அறுபத்திரண்டு. காலில் இன்னும் எத்தனை நாள் இந்தத் தெம்பு இருக்கும் என்று தெரியாது. ஒரே ஒருமுறை அந்த மலையைத் தன் காலுக்கு எது முடியுமோ அந்த வேகத்தில் ஓடிப் பார்த்துவிட வேண்டும். இதை அவர் வாய்விட்டுக் கேட்டபோது செலினா கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓடுங்க, யாரு வாணாம்னது? அவருக்குப் பின்னால ஓடுங்க. நம்ம பொண்ணு அந்த வூட்லதான் சோறு துன்னுது."

மார்ட்டின் ஒரு துண்டுக் கரும்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பொங்கல் அவருக்கு இனிக்கவில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் வேனில் போய் இறங்கினார்கள். மலை பனியில் பாதி காணாமல் போயிருந்தது. பிலவேந்திரன் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காட்டில் தொலைந்தால் ஹெலிகாப்டரிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம் போலிருந்தது. ராஜாங்கத்துக்கு முட்டி மக்கர் செய்ததால் அவர் ஓடவில்லை. எல்லோருடைய பையையும் காவல் காத்துக்கொண்டு வேனிலேயே மேலே வந்து கைதட்டுவதாக ஏற்பாடு. விசில் ஊதியதும் கிளிப்பச்சை முன்னால் போனது, மார்ட்டின் பின்னால் போனார்.

மலைப்பாதை சம்பந்தம் பார்க்காது. இரண்டாவது வளைவிலேயே பிலவேந்திரனின் இடது தோள் தொங்கிவிட்டது. மூன்றாவது வளைவில் ஒரு பெரிய பாறையைப் பார்த்ததும், சுண்டு விரலைக் காட்டிவிட்டு அதன் பின்னால் ஒதுங்கினார். மார்ட்டின் வழக்கம்போல் குனிந்தார். இடது கயிறு, வலது கயிறு, திரும்பவும் இடது. கூட்டம் தாண்டிப் போயிற்று. அம்சவள்ளி, அய்யோ பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டினார். கடைசியாக வேனும் தாண்டியது. ஜன்னலிலிருந்து ராஜாங்கம் கையை ஆட்டினார். இந்த நேரத்துக்குள் ஒரு மனுஷன் வயிற்றில் இருக்கிற தண்ணீர் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும்.

மார்ட்டினுக்குப் பயம் வந்துவிட்டது. பாம்பா, மாரடைப்பா? சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொண்டே பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு வெள்ளாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது. பாறைக்குப் பின்னாலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறி, வளைந்து வருகிற ரோட்டை மேலே போய்த் தொட்டது. ஊர்க்காரர்கள் சுற்றாமல் ஏறுவதற்குப் போட்ட பாதை. மார்ட்டின் ரோட்டுக்குத் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தார். மேல் வளைவில் ஒரு ஷேர் ஜீப் நின்றிருந்தது. அதன் பின்பக்கம் ஒரு கிளிப்பச்சை முதுகு ஏறிக்கொண்டிருந்தது.

நான்கு வருடம் பார்த்த முதுகு. சந்தேகத்துக்கே இடமில்லை. முதுகும் ஒருதரம் திரும்பிக் கீழே பார்த்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதுகு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மார்ட்டினுக்கு ரத்தம் கொதித்தது. பெண்ணைக் கொடுத்தவனுக்கு முன்னால் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் ஜீப் ஏறுவானா? அவர் ஒற்றையடிப் பாதைப் பக்கம் திரும்பவில்லை. அது திருட்டுவேலை. ரோட்டோடு ஓடினார். கோபத்தில் ஓடுகிறோம் என்று நினைத்துத்தான் ஓடினார். ஆனால் ஒரு வளைவு தாண்டியதும் கோபம் எங்கோ போய்விட்டது, கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கச்சிராயபாளையம் ரோட்டு இருட்டில் ஒளித்து வைத்திருந்த கால். மேல் வளைவுக்கு அந்தப் பக்கம் அம்சவள்ளியைத் தாண்டினார். கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு சேலத்துக்காரரைத் தாண்டினார். பனி விலகி, சாமை அறுத்த கொல்லையெல்லாம் வெயிலில் மின்னியது. மார்ட்டினுக்குச் சிரிப்பு வந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டே ஓடினார்.

அப்புறம் அந்த ஜீப்பைக் கண்டார். ஜல்லி ஏற்றிய டிராக்டர் ஒன்று மேட்டில் முக்கி முனகிக்கொண்டு ஏற, முந்த வழியில்லாமல் ஜீப் அதன் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பொங்கல் கரும்புக் கட்டு, கால் கட்டிய கோழிகள், லீவுக்கு வந்த ஜனங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு துண்டும் அதன் கீழே கிளிப்பச்சையும்.

மார்ட்டினின் கால் தானாகவே மெதுவாயிற்று. நான்கு வருடப் பழக்கம். ஜீப்புக்குப் பின்னால், சரியாக நான்கடி தள்ளி, மரியாதையாக ஓடினார். டீசல் புகை மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே ஓடினார். கோழி ஒன்று அவரையே பார்த்துக்கொண்டு வந்தது. செலினாவின் குரல் காதில் ஒலித்தது. மெர்லினின் முகம் வந்தது. இன்னொரு வாய் புகை உள்ளே போனது.

சம்பந்திக்குக் கொடுக்கிற மரியாதை சம்பந்திக்கு. இந்தக் கழிசடை வண்டிக்கு எதற்கு?

"இந்த ஜீப்புக்கா நான் பொண்ணக் குடுத்தேன்?" என்று கோழியிடம் சத்தமாகவே கேட்டார். கேட்டுவிட்டு வலப்பக்கம் ஒதுங்கி, ஜீப்பைத் தாண்டி, அடுத்த நான்கு எட்டில் டிராக்டரையும் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வெள்ளிமலையில் அறுபது வயதுக்காரர்களில் மூன்றாவதாக வந்தார். கையில் பானையைக் கொடுத்தபோது கால் நடுங்கியது. ஓடிய நடுக்கம் பாதி, மிச்சப் பாதி செலினா. முகத்தில் சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் பானைக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலவேந்திரன் வெகுநேரம் கழித்து நடந்தே வந்து சேர்ந்தார். கடைசி வளைவுக்கு முன்னால் இறங்கியிருப்பார் போலிருக்கிறது. யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஓரமாக உட்கார்ந்தார். எல்லோருக்கும் வாழையிலையில் சாமைப் பொங்கல் வந்தது. அதைத் தின்றுகொண்டே அன்றைய கதைகள் தொடங்கின. அம்சவள்ளி தன் கதையைச் சொன்னார். பிலவேந்திரன் வாயைத் திறக்கவில்லை. இலையிலும் கைவைக்கவில்லை. அதைப் பார்த்ததும் மார்ட்டின் கையிலெடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறும் இந்த மனுஷன் சாப்பிடவில்லை. பானை வாங்கிய மார்ட்டினிடம், உன் கதை என்ன என்று கேட்டார்கள். ஏதோ ஓடினேன் என்று மென்று விழுங்கினார்.

ராஜாங்கத்துக்கு அது செரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஓட முடியாத கடுப்பில் இருந்தார். மூன்றாவது வளைவில், எல்லோருக்கும் கடைசியில், பாறைக்குப் பக்கத்தில் குனிந்திருந்த ஆள் மேலே வந்து பானை வாங்குகிறார் என்றால் நடுவில் என்ன நடந்தது என்றார். பாறைக்குப் பின்னால் குறுக்குப் பாதை இருப்பது தனக்குத் தெரியும் என்றார். அம்சவள்ளி யோசித்துவிட்டு, மார்ட்டின் தன்னைத் தாண்டியது மேல் வளைவுக்கு அப்புறம்தான், கீழே என்ன நடந்தது என்று தான் பார்க்கவில்லை என்று நியாயமாகச் சொன்னார்.

"மனசுல வச்சுக்காத மார்ட்டினு. குறுக்கால வந்திருந்தா குடுத்துடு பானைய. குழு பேரு கெட்டுப்பூடும்" என்றார் ராஜாங்கம்.

மார்ட்டினுக்கு ஒரே வார்த்தை போதும். ரோட்டில் நின்று ஜீப்பைப் பார்த்ததைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சாயந்தரம் அது கள்ளக்குறிச்சிக்கு வந்து, மெர்லின் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்து, சாப்பாட்டு மேஜையில் உட்காரும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவமானமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில் திருடன் என்ற பெயரோடு எழுந்து, பானையைத் திருப்பிக் கொடுக்கத் தூக்கினார்.

"பானைய கீழ வைங்க சம்பந்தி."

பஸ்ஸின் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை கேட்கிற தொண்டை. அங்கங்கே தின்றுகொண்டிருந்த சேலத்துக்காரர்கள்கூடத் திரும்பினார்கள்.

பிலவேந்திரன் எழுந்து நின்றார். நியாயம் பாதி உந்தியிருக்கலாம். மீதிப் பாதியை மார்ட்டின் நேரில் பார்த்தார். இந்த மலையிலேயே இன்று நடந்த மிகச் சிறந்த கதை ஒன்று அந்த மனுஷன் வாய்க்குள் கிடந்து புரண்டுகொண்டிருந்தது. அதை அடக்கி வைக்க அவரால் முடியவில்லை.

"குறுக்குப் பாதையா? யோவ், இவரு கீழ் ரோட்லருந்து முழுசா சுத்தி ஓடியாந்து ஜீப்ப முந்துனாருய்யா. ஜீப்ப! கரும்பு, கோழி, பதினாலு ஆளு, அத்தினியும் ஏத்திக்கினு போவுது ஜீப்பு. இவரு பின்னால வந்தாரு. வந்து மூஞ்ச ஒரு மாதிரி வச்சிக்கினு கோழிகிட்ட இன்னாவோ கேட்டாரு. கேட்டுட்டு வுட்டாரு பாரு ஒரு ஓட்டம், டிரைவரு கியர மாத்தவே மறந்துட்டான்."

கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. பிலவேந்திரன் கையை வீசி, மார்ட்டின் மாதிரியே தோளைக் குறுக்கி நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டினார். அம்சவள்ளிதான் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க எங்கருந்துங்க பாத்தீங்க?"

பிலவேந்திரனின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் மார்ட்டினைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"உள்ளாறருந்துதான்" என்றார். "கோழிக்குப் பக்கத்துல."

முதலில் சிரித்தது ராஜாங்கம். முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர, அய்யோ அய்யோ என்று சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிலவேந்திரனும் கடைசியில் சிரித்துவிட்டு, முடித்ததற்குக் கொடுத்த பதக்கத்தைக் கழற்றிப் பரிசு மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, ஒரே மூச்சில் இலையைக் காலி செய்தார்.

இறங்குகிற வேனில் இரண்டு சம்பந்திகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு காலை வைத்துக்கொண்டு நான்கு வருடமாகத் தன் பின்னால் எதற்கு ஓடினீர்கள் என்று பிலவேந்திரன் கேட்டார். மார்ட்டின் சுற்றிவளைக்காமல் சொன்னார், தாண்டிய அன்று நீங்கள் சாப்பிடாமல் படுத்துவிட்டீர்களாமே என்று.

"அன்னிக்கு நாலுமுனையில போண்டா துன்னது வவுத்துக்கு ஒத்துக்கல சம்பந்தி" என்றார் பிலவேந்திரன். "நீங்க தாண்டுனத நான் பாக்கவே இல்ல, பொதருக்குப் பின்னால ஒதுங்கியிருப்பேன். அதுக்கப்புறம் வாரா வாரம் பின்னாலயே வந்து மூச்சு வுட்டுக்கினு இருந்தீங்க. பொண்ணு வூட்டுக்காரரு முந்திட்டா மானம் பூடும்னு நான் பறந்துக்கினு இருந்தேன். நடந்து போவலாம்னு பாத்தாகூட வுடல நீங்க."

மார்ட்டின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு போண்டாவுக்காக நான்கு வருடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடிவாரத்தில் கோமுகி அணை வரும்வரை பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு ஏழு மணிக்கு மெர்லின் போன் செய்தாள். செலினா மார்ட்டின் கையிலிருந்து பிடுங்கி, எடுத்த எடுப்பில் மாமா சாப்பிட்டாரா என்றாள்.

"ரெண்டு வாட்டி சாப்ட்டாரும்மா. வந்ததுலருந்து அப்பா கததான். இப்ப எதிர் வூட்ல சொல்லிக்கினு இருக்காரு. இந்நேரம் ஜீப்பு பஸ்ஸாயிருக்கும்."

மறுநாள் ஞாயிறு. தியாகதுருகம் ரோட்டில் பழக்கதோஷத்தில் மார்ட்டின் பின்னால் போய் நின்றார். பிலவேந்திரன் அவர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, உள்ளங்கையால் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"முன்னால போங்க, முன்னால போங்க. ரைட்."

மார்ட்டின் ஓடினார். எதிரே முதுகு இல்லை. ரோடு இருந்தது, அதன் கடைசியில் தியாகதுருகத்துக் கோட்டை மலை முழுசாகத் தெரிந்தது. பின்னால் வெகுதூரத்தில் பிலவேந்திரன் நிம்மதியாக நடந்துகொண்டே யாருக்கோ கதை சொல்லிக்கொண்டு வந்தார். அந்தத் தொண்டைக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. சம்பந்தி முந்தியது உளுந்தூர்பேட்டை எக்ஸ்பிரஸ் பஸ்ஸை என்றும், அதில் நிற்கக்கூட இடமில்லை என்றும், தானே அதில் விசிலடித்துக்கொண்டு போனதாகவும் சொல்வது மார்ட்டினுக்குத் தெளிவாகக் கேட்டது.